பெயர் எழுதாத கிளெய்ம்

நாகப்பட்டினம்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள கண்மணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்ன செய்தி இந்த எட்டு நாளாக என்னை விடவில்லை. கடல் காப்பீட்டுப் பயிற்சி வகுப்பில், கப்பலைக் காப்பாற்றுவதற்காகச் சரக்கைக் கடலில் எறிவது பற்றிய பாடத்தின் நடுவே, கிரெக்சன் எதிர் கில்பர்ட் என்ற 1783-ஆம் ஆண்டு வழக்கை ஆசிரியர் இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார் என்றும், அந்த வழக்கில் சரக்கு என்று குறிக்கப்பட்டவர்கள் மனிதர்கள் என்பதை நீயாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டாய் என்றும் சொன்னாய். "முப்பத்திரண்டு வருடம் கிளெய்ம் மேசையில் உட்கார்ந்திருந்தாயே, உனக்கு இது தெரியுமா அம்மா?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். அன்று முதல் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். தொலைபேசியில் அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடியதாக இல்லை என்பதால் எழுதுகிறேன்.

பெரிய கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1860-கள் வரை, அட்லாண்டிக் கடலைக் கடக்க ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். அக்கரையில் உயிரோடு இறங்கியவர்கள் ஏறத்தாழ ஒரு கோடியே ஏழு லட்சம் பேர். இடையில் குறைகிற பதினெட்டு லட்சம் பேரைக் கடல் கொண்டது. மிகுதியானோர் போனது பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளுக்கும். வட அமெரிக்காவில் நேரே இறக்கப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. பிரிட்டிஷ் கப்பல்கள் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றின. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தத் தொழிலின் தலைமைத் துறைமுகம் லிவர்பூல். இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் என் மனம் அவற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு கப்பலின் கணக்கைப் படித்தபோதுதான் பிடித்துக்கொண்டது.

அந்தக் கப்பலின் பெயர் ஸோர்க். டச்சு மொழியில் அதற்கு 'அக்கறை' என்று பொருள். 1780 முடிவில் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரருக்கும் போர் மூண்டதும், மறு ஆண்டு பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். பிடிபட்டபோது அதில் 244 ஆப்பிரிக்கர்கள் ஏற்கெனவே அடைபட்டிருந்தார்கள். கப்பலை விலைபேசியபோது அவர்களையும் சேர்த்தே விலைபேசினார்கள். வாங்கியது வில்லியம் கிரெக்சன் தலைமையிலான லிவர்பூல் வணிகர் குழு. இந்த கிரெக்சன் யாரோ கடற்கொள்ளைக்காரன் என்று எண்ணிவிடாதே. 1762-இல் லிவர்பூலின் மேயராக இருந்தவர். அவர் பங்கு வைத்திருந்த கப்பல்கள் அவர் வாழ்நாளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை ஏற்றிச் சென்றன. ஊரில் மதிப்பான பெரிய மனிதர். கப்பலின் பெயர் 'ஸாங்' என்று மாறியது. எழுத்தை மறுபடி தீட்டியபோது நேர்ந்த பிழை என்கிறார்கள். 'அக்கறை' அப்படி அழிந்தது.

கப்பலுக்குத் தலைவனாக அமர்த்தப்பட்ட லூக் காலிங்வுட் அதுவரை இன்னொரு அடிமைக் கப்பலில் மருத்துவராக இருந்தவர். கப்பல் செலுத்தித் தலைமை தாங்கிய அனுபவம் இல்லாதவர். அடிமைக் கப்பலின் மருத்துவர் என்றால் நோயாளியைப் பார்ப்பவர் மட்டுமல்லர். கரையில் கொண்டுவந்து நிறுத்தப்படுகிற ஆணையும் பெண்ணையும் பல்லைப் பார்த்து, மூட்டைப் பார்த்து, இன்னார் விலைபோவார், இன்னார் போகமாட்டார் என்று பிரிப்பவரும் அவர்தான். 1781 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ராவிலிருந்து ஸாங் கிளம்பியபோது அதில் 442 ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். அது 110 டன் கப்பல். ஏழு ஆண்டு கழித்து, 1788-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மூன்று டன்னுக்கு ஐந்து பேர் என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பின்படி கணக்குப் போட்டால் அதில் 183 பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. அந்த வரம்பே எவ்வளவு கொடியது என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு 442-ஐ எண்ணிப் பார்.

நவம்பர் முடிவில் அறுபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களும் கப்பலாட்களில் சிலரும் நோயில் இறந்திருந்தார்கள். காலிங்வுட்டும் நோயில் கிடந்தார். போய்ச்சேரவேண்டிய ஜமைக்கா கண்ணில் பட்டது. அதைப் பிரெஞ்சுக்காரரின் செயின்ட் டொமிங்கு என்று தவறாக எண்ணி மேற்கே கடந்து போய்விட்டார்கள். திரும்பி வரக் குடிநீர் போதாது என்று காரணம் சொல்லி, நவம்பர் 29 மாலை, 54 பெண்களையும் குழந்தைகளையும் கப்பல் அறையின் சன்னல் வழியாகக் கடலில் தள்ளினார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி 42 ஆண்களை எறிந்தார்கள். அடுத்த நாள்களில் இன்னும் பலரை எறிந்தார்கள். பத்துப் பேர், தங்கள் மேல் கை படுவதற்கு முன்னால், தாங்களே குதித்தார்கள். மிஞ்சியிருந்தவர்கள் தங்களுக்குச் சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், கடலில் மட்டும் எறியாதீர்கள் என்று மன்றாடியதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. எறியப்பட்ட ஒருவர் கப்பலில் தொங்கிய கயிற்றைப் பற்றி மறுபடி ஏறிவந்துவிட்டார் என்பதும் அங்கே சொல்லப்பட்டதுதான். இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மறுபடி எடுத்தேன்.

இனி வருவது உன் தொழிலைச் சேர்ந்தது. எனக்கும் ஓரளவு விளங்கியது. அடிமை ஒருவர் நோயில் இறந்தால் அது இயற்கை மரணம், அதற்கு இழப்பீடு கிடையாது. பழம் அழுகுவதைப்போல என்று அக்காலக் காப்பீட்டாளர்கள் வைத்திருந்தார்கள். ஆனால் கப்பலையும் மீதிச் சரக்கையும் காப்பாற்றுவதற்காக, வேறு வழியில்லாமல், ஒரு பகுதியைக் கடலில் எறிந்தால் அந்த இழப்பைக் காப்பீட்டாளர் ஏற்கவேண்டும். ஆகவே நோயாளி கப்பலுக்குள் இறந்தால் நட்டம் கிரெக்சனுக்கு. உயிரோடு கடலில் எறியப்பட்டால் தலைக்கு 30 பவுன் காப்பீட்டாளரிடமிருந்து வரும். எறியப்பட்டவர்கள் நூற்று முப்பதுக்கு மேல். ஏறத்தாழ நாலாயிரம் பவுன். கப்பல் திரும்பியதும் கோரிக்கையை எழுதி அனுப்பினார்கள். கில்பர்ட் உள்ளிட்ட காப்பீட்டாளர்கள் தர மறுத்தார்கள். அதனால்தான் இது வழக்காயிற்று. நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்பதற்காக இது நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்பதைத்தான் உன் ஆசிரியர் அந்த இரண்டு வரியில் சொல்லியிருக்கவேண்டும்.

1783 மார்ச் 6-ஆம் தேதி லண்டனின் கில்டுஹால் மண்டபத்தில் விசாரணை நடந்தது. உன் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரம் என்றாயே, அதே கில்டுஹால். நடுவர் குழு கப்பல் முதலாளிகளுக்கே தீர்ப்பளித்தது. காப்பீட்டாளர்கள் மறுவிசாரணை கேட்டு மே மாதம் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபுவின் முன் போனார்கள். நடுவர் குழு இதைப் பார்த்த பார்வையை விளக்கும்போது, அடிமைகள் விஷயம் குதிரைகளைக் கடலில் எறிந்தது போன்றதே என்று அவர் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. முதலாளிகளுக்காக வாதாடிய அரசு வழக்குரைஞர் ஜான் லீ, பொருளை எறிந்ததற்குக் கொலை என்று பேசுவதே மதிகெட்ட பேச்சு என்றார். ஆனால் அந்த விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. மூன்றாம் முறை ஆட்களை எறிவதற்கு முன்பே மழை பெய்து, பீப்பாய்களில் நீர் பிடிக்கப்பட்டிருந்தது. முதல் ஆள் எறியப்பட்ட நாள்வரை யாருக்கும் தண்ணீர் அளவு குறைக்கப்படவே இல்லை. டிசம்பர் 22-இல் ஜமைக்காவின் பிளாக் ரிவர் துறையில் நின்றபோது கப்பலில் 420 காலன் தண்ணீர் மிச்சமிருந்தது. உயிரோடு இறங்கியவர்கள் 208 பேர். மான்ஸ்பீல்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அப்படி ஒன்று நடந்ததற்குத் தடயம் எதுவும் இல்லை. கப்பலின் நாட்குறிப்பேடு காணாமற்போயிற்று. காலிங்வுட் ஜமைக்காவில் இறங்கிய சில நாளிலேயே இறந்துவிட்டார்.

இந்த மான்ஸ்பீல்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அது என்னைக் குழப்பியது. இங்கிலாந்தில் இருக்கும் அடிமையை வலுக்கட்டாயமாக வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்பமுடியாது என்று 1772-இல் தீர்ப்பளித்தவர் அவர். அடிமைப் பெண் ஒருத்திக்குப் பிறந்த, தன் உடன்பிறந்தாரின் வழிப் பேத்தியான டைடோ எலிசபெத் பெல்லைத் தன் கென்வுட் மாளிகையில் வளர்த்தார். அவள் சுதந்திரமானவள் என்பதைத் தன் உயிலில் தனியே எழுதியும் வைத்தார். அந்தப் பெண்ணைத் தன் வீட்டில் வைத்திருந்தவர்தான் அன்று நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார். கல்நெஞ்சக்காரர் ஒருவர் சொன்னார் என்றால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். எதிரே இருந்தது காப்பீட்டு வழக்கு. அதைக் காப்பீட்டு வழக்காக மட்டும் பார்த்தார். கண்ணே, அதைத்தான் நானும் என் மேசையில் பல வருடம் செய்தேனோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2004 டிசம்பருக்குப் பிறகு நான் வீட்டுக்கு வராத இரவுகள் உனக்கு நினைவிருக்கும். இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. அக்கரைப்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கணவரின் உடல் கிடைக்கவில்லை. பாலிசித் தாள் வீட்டோடு போயிற்று. எங்கள் பதிவேட்டில் கணவரின் பெயர் ஒரு மாதிரியாகவும், பிறரிடம் கேட்டு வாங்கி வந்த குடும்ப அட்டை நகலில் வேறு மாதிரியாகவும் இருந்தது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். மேலதிகாரி ஒருவர் அந்த எழுத்தைக் காட்டித் தாளைத் திருப்பி அனுப்பினார். நானும் முதலில் திருப்பித்தான் கொடுத்தேன். அந்த அம்மாள் எழுந்து போகவில்லை. "என் வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி மறுபடி அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாலை ஐந்தரை மணிக்கு நானே பெயர்த் திருத்தப் படிவத்தை எழுதி, அவர் கைநாட்டை வாங்கி, மேலே அனுப்பினேன். பணம் வந்தது. நான் காலையிலேயே அதைச் செய்திருக்கலாம்.

ஸாங் கப்பலின் கோரிக்கையைப் படித்தபோது அந்த அம்மாள்தான் நினைவுக்கு வந்தார். என் தொழிலில் பெயர் இல்லாத கிளெய்ம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. பாலிசிதாரர் பெயர், நாமினி பெயர், தகப்பனார் பெயர், எல்லாம் வேண்டும். ஓர் எழுத்து மாறினால் பணம் நிற்கும். அந்தக் கோரிக்கையில் முதலாளிகளின் பெயர் இருக்கிறது, காப்பீட்டாளர்களின் பெயர் இருக்கிறது, வழக்குரைஞர்களின் பெயர் இருக்கிறது. எறியப்பட்டவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. எண்ணும் அதற்குப் பக்கத்தில் 30 பவுனும் மட்டுமே. அவர்களுக்குத் தாய் வைத்த பெயர் இருந்தது. அதைக் கேட்க அங்கே யாருக்கும் தேவை இருக்கவில்லை.

பெயர் தெரிந்த ஓர் ஆப்பிரிக்கர் இந்த வழக்கில் உண்டு, ஆனால் அவர் கப்பலில் இருந்தவர் அல்லர். சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக இருந்து, தானே சம்பாதித்துத் தன்னை விலைகொடுத்து மீட்டுக்கொண்ட ஒலௌடா எக்வியானோ. கில்டுஹால் தீர்ப்பு வந்து பதின்மூன்று நாள் கழித்து, மார்ச் 19-ஆம் தேதி, அவர் அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப் என்பவரின் வீட்டுக்குப் போய், கப்பலில் நடந்ததைச் சொன்னார். ஷார்ப் சுருக்கெழுத்தாளரை அமர்த்தி மே மாத விசாரணையை முழுவதும் எழுதவைத்தார். கடற்படைத் துறைக்கு எழுதினார். கொலை வழக்குத் தொடுக்கவேண்டும் என்று கேட்டார். ஒருவர்மீதும் வழக்கு வரவில்லை. ஆனால் இன்று நீயும் நானும் இதைப் படிக்கமுடிவது அந்தச் சுருக்கெழுத்துத் தாள்களால்தான். நான்கு ஆண்டு கழித்து லண்டனில் பன்னிரண்டு பேர் கூடி அடிமை வணிக ஒழிப்புக் குழுவைத் தொடங்கியபோது ஷார்ப் அதில் முன்னே நின்றார். 1789-இல் எக்வியானோ தன் வாழ்க்கையைத் தானே எழுதி வெளியிட்டார். கடலில் எறியப்பட்ட அடிமைக்கு இழப்பீடு கோரமுடியாது என்று 1790-களில் சட்டம் வந்தது. 1807-இல் பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடை செய்தது.

இதையெல்லாம் லண்டன் நல்லவர்கள் தந்த கொடை என்று மட்டும் படித்துவிடாதே. ஸாங் வந்து நின்று சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1831 டிசம்பரில், ஜமைக்காவின் மேற்குப் பகுதி அடிமைகள் சாம் ஷார்ப் என்பவரின் தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். அது கிளர்ச்சியாக வெடித்தது. 1832-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே, 1833-இல், நாடாளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பிளாக் ரிவரில் இறங்கிய 208 பேரின் பிள்ளைகளோ பேரர்களோ அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த 1833 சட்டத்தில் ஒரு கிளெய்ம் இருக்கிறது, ஸாங் கிளெய்மை விடப் பெரியது. அடிமைகளை விடுவித்ததற்கு இழப்பீடாகப் பிரிட்டிஷ் அரசு இரண்டு கோடி பவுன் தந்தது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் அது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு. பணம் போனது அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்தன, சரிபார்க்கப்பட்டன, கையெழுத்திடப்பட்டன, பட்டுவாடா ஆயின. அதற்காக வாங்கிய கடன் கடைசியாகத் தீர்ந்தது 2015-இல். பட்டுவாடா செய்கிற மேசையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், பணம் யாருக்குப் போயிற்று என்று பார்த்தால் இழப்பு யாருடையது என்று அந்தச் சட்டம் நினைத்தது என்பது தெரியும். பிறகு கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தபோது அவர்கள் திரும்பிப் பார்த்தது நம் பக்கம். மொரீசியசுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அதையும் அடிமைமுறை என்றே சிலர் எழுதுகிறார்கள். அப்படி எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒப்பந்தத்துக்கு முடிவு நாள் இருந்தது. கூலியின் குழந்தை முதலாளியின் சொத்தாகப் பிறக்கவில்லை. அவர்கள் பட்ட துன்பத்தைச் சொல்ல அந்தச் சொல்லைக் கடன் வாங்கவேண்டியதில்லை.

நம் ஊருக்கும் இதில் கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்கு நேர்மையாக எழுதியதாகாது. ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களை வாங்க இரும்பும் துப்பாக்கியும் சாராயமும் கொடுத்தார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் அங்கே மிகவும் விரும்பப்பட்ட பண்டங்களில் ஒன்று துணி. அதிலும் இந்தியத் துணி. நம் சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணிக்குக் கினியாத் துணி என்றே வணிகர்கள் பெயர் வைத்தார்கள், அது போய்ச்சேர்ந்த மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாக் கரையை வைத்து. மாலத்தீவுச் சோழி அங்கே நாணயமாகவே செல்லுபடியானது. இங்கிலாந்தில் இந்திய அச்சுத் துணியை உடுத்தக்கூடாது என்று 1721-இல் சட்டம் போட்டவர்கள், அதே துணியை லண்டன் கிடங்கிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதற்குத் தடை வைக்கவில்லை. டச்சுக்காரரின் சோழமண்டல வணிகத்துக்குத் தலைமையிடமாக 1690 முதல் இருந்தது இந்த நாகப்பட்டினம்தான். ஸோர்க் பிடிபட்டது எந்தப் போரிலோ, அதே போரில், ஸாங் கொலைகள் தொடங்குவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், 1781 நவம்பரில், இந்த ஊரையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். நீ சின்ன வயதில் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் இந்தத் துறையிலிருந்து என்னென்ன கப்பல் போயிருக்கும் என்று கேட்பாய். பட்டும் நெல்லும் என்று சொல்லி வைத்தேன்.

தறியில் உட்கார்ந்த நெசவாளிக்கு அந்த நீலத் துணி எந்தக் கரையில் எதற்கு மாறியது என்று தெரிந்திருக்க வழியில்லை. அவர்மேல் பழிபோடுவதற்காக நான் இதை எழுதவில்லை. கடைசியில் கையெழுத்திட்டவர்களுக்குத் தெரியும். நடுவில் நூறு கை மாறியவர்களில் பலருக்கும் தெரியும். உன் மேசைக்கு வருகிற தாள் அப்படி நூறு கை மாறித்தான் வருகிறது.

கில்டுஹாலுக்கு ஒருமுறை போய்வா. கென்வுட் மாளிகையும் திறந்திருக்கிறதாம், அங்கேயும் போய்வா. உன் பயிற்சி வகுப்பில் இந்தப் பாடம் மறுபடி வரும்போது, கூச்சப்படாமல், அந்த ஆசிரியரிடம் எனக்காக ஒன்று கேள். எறியப்பட்டவர்களில் ஒருவர் கயிற்றைப் பிடித்து ஏறிவந்தாரே, அவருக்கான முப்பது பவுன் அந்தக் கோரிக்கையில் சேர்க்கப்பட்டிருந்ததா, கழிக்கப்பட்டிருந்ததா? ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா